எல்லா மரமும் காய்க்கவில்லை

வவுனியாவில் இருபத்தாறு வருடமாக உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறேன். தமிழ்நாட்டில் இதைத் தருக்கம் என்கிறார்கள். எங்கள் பாடசாலையில் இந்தப் பாடத்தை எடுக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து வந்தவர்கள். மீதிப் பேர் நண்பிகள் எடுத்தபடியால் வந்தவர்கள். ஆகவே, வேலையும் குடும்பமும் உள்ள பன்னிரண்டு பேர் புதுக்கோட்டை மாவட்டத்தில் தாங்களாகவே விரும்பி இதைப் படிக்கிறார்கள் என்று ஒரு கடிதம் வந்தபோது, அது ஏதோ மோசடி என்றுதான் முதலில் நினைத்தேன்.

கடிதம் எழுதியவர் அருளப்பன், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். குளத்தூருக்குச் சற்று முன்னால், மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் மாடியில் ஒரு வருட வகுப்பு தொடங்கியிருந்தார். பழைய காலத்துப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த ஏழு கலைகள்: இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். ஐந்தை அவரே நடத்துகிறார். இசைக்கு திருக்கோகர்ணத்திலிருந்து ஒருவர் வருகிறார். வானியலை, மேகம் இல்லாத நாளில் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் நடத்துகிறார். தருக்கத்துக்குப் பாடநூல், நான் என் மாணவர்களுக்காக எழுதிய குறிப்புகளின் ஒளிநகல். அது எப்படிக் கடல் தாண்டியது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு விதி. வகுப்புக்கு அங்கீகாரம் கொடுக்கிற குழு, வெளியாள் ஒருவர் வந்து தேர்வு நடத்த வேண்டும், அவருக்கு மாணவர்களில் ஒருவரையும் தெரிந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. “இங்க யாரக் கேட்டாலும் ஏதாவது ஒரு வழியில சொந்தமா வந்துடுறாங்க மேடம்” என்றார் அருளப்பன் தொலைபேசியில். கடல் கடந்தால் சொந்தம் இராது என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு ஆசிரியர் அல்லவா.

திங்கட்கிழமை காலை திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு மாடி அறையில் என்னை இறக்கிவிட்டார். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் சிவப்பு. மத்தியானம் சாப்பிட ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முட்டை மாஸ் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்றார். எங்கள் ஊரில் மாசி என்றால் காய்ந்து கட்டையாகிப்போன மீன், சம்பலில் இடித்துப் போடுவோம். ஆகவே இந்த மாஸில் மீனைத் தேடினேன். வெங்காயமும் தக்காளியும் வதக்கிய மசாலாவில் அவித்த முட்டையை நறுக்கிப் போட்டிருந்தார்கள். மீன் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். அதிலும் இல்லை. இரண்டையும் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது அருளப்பன், “எல்லாரும் தேறிடுவாங்கன்னு நம்புறேன்” என்றார். நான், “ஒழுங்காகப் படித்திருந்தால் எல்லாருக்கும் சித்தி கிடைக்கும்” என்றேன்.

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “சித்தின்னா யாரு மேடம்?”

எங்கள் நாட்டில் தேர்வில் தேறுவதற்குச் சித்தி என்று பெயர் என்று விளக்கினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். இங்கே சித்தி என்றால் அம்மாவின் தங்கை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை தருக்கத்தில் எழுத்துத் தேர்வு. அருளப்பன் விடியற்காலையிலேயே போய்விட்டதால் நான் தனியாக பஸ் ஏறினேன். நடத்துநர் இளைஞர், வேகமாகப் பேசுகிறவர். அரிசி ஆலை நிறுத்தத்தில் நிற்குமா என்று கேட்டேன்.

“இது எல்லா ஸ்டாப்புலயும் நிக்காதும்மா” என்றார்.

சரி, குளத்தூரில் இறங்கி ஆட்டோ பிடிப்போம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். அரிசி ஆலைக்கு முன்னால் பஸ் நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் ஏறினார்கள். ஓட்டுநர் விதியை மீறி நிறுத்துகிறாரே, மாட்டிக்கொள்வாரே என்று நான் கவலைப்பட்டேன். பஸ் புறப்பட்ட பிறகு நடத்துநர் திரும்பிப் பார்த்து, “ஏம்மா, ஆலை ஸ்டாப்புன்னு கேட்டீங்கள்ல? எறங்கலையா?” என்றார்.

“நிக்காது எண்டு சொன்னீங்கள்.”

“எல்லா ஸ்டாப்புலயும் நிக்காதுன்னுதானே சொன்னேன். இங்கிட்டு நிக்காதுன்னா சொன்னேன்?”

பின் இருக்கையில் இருந்த ஓர் அம்மா, “சிலோன்காரவுக போல. பாவம், விடுங்க” என்றார். குளத்தூரில் இறங்கி, டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தேன். அந்த பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். நான் இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்லப் போனேன். “லேடீஸ்தானே?” என்று கேட்டார் அந்த நடத்துநர். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தேர்வு இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. நெல் வாசனை இன்னும் போகாத நீளமான மாடி. பன்னிரண்டு மேசை. ஓய்வு பெற்ற தபால்காரர் சுப்பையா முதல் வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவர் போல் இருந்தார். அங்கன்வாடி ஆசிரியை, தையற்கடைப் பெண், டயர் கடை நடத்தும் அண்ணன் தம்பி. கடைசி மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கேள்வித்தாளைக் கொடுத்ததும் மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அவர் வாசித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் தேற மாட்டார் என்று நான் முடிவு கட்டினேன். இருபத்தாறு வருட அனுபவம்.

புதன்கிழமை அதே மாடியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். தேறுவதற்கு நாற்பது வேண்டும். பதினொரு பேர் தேறிவிட்டார்கள். சுப்பையாவுக்கு நாற்பத்து மூன்று. கடைசி மேசைப் பெண்ணுக்கு முப்பத்தேழு. என் அனுபவம் பொய்க்கவில்லை என்று கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

பட்டியலைப் பார்த்த அருளப்பன் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“முத்துலட்சுமியா?” என்றார்.

அவர் சொன்ன விவரம் இது. முத்துலட்சுமிக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து படிக்கிறார். ஐந்து கலையில் ஏற்கனவே தேறிவிட்டார், இதைவிட்டால் நாளைய பேச்சுக்கலைதான் பாக்கி. அங்கே பதினான்கு பெண்கள் இந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களால் குளத்தூர் வரை வந்து போக முடியாது. ஏழிலும் தேறிய ஒருவர் உள்ளூரில் இருந்தால்தான் குழு புதிய வகுப்புக்கு அனுமதி தரும். அங்கே சொல்லிக்கொடுக்கச் சம்மதித்த ஒரே ஆள் முத்துலட்சுமி.

“மறுபடி ஒரு தடவ பாக்குறீங்களா மேடம்?”

பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. அவர் வெளியே போய் முத்துலட்சுமிக்குப் போன் செய்தார். மூன்று மணிக்கு வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது.

முத்துலட்சுமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். வணக்கம் சொன்னார். அழவில்லை. விடைத்தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, “ஆமா, இது தப்புத்தான்” “இதுவும் தப்புத்தான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவர், ஒரு பக்கத்தில் நின்றார்.

“இது என்னங்க மேடம்?”

கேள்வி இதுதான்: ‘எல்லா மரங்களும் காய்க்கவில்லை. இது ஒரு மரம். ஆகவே, இது காய்க்கவில்லை. இந்த முடிவு சரியா? காரணம் தருக.’ ஐந்து புள்ளி.

சரி என்பது விடை. முதல் வாக்கியத்துக்கு ஒரு மரமும் காய்க்கவில்லை என்பதுதான் பாடநூல் சொல்லும் பொருள், அப்படியென்றால் இந்த மரமும் காய்த்திருக்காது. பதினொரு பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். முத்துலட்சுமி எழுதியிருந்தது: ‘சரியில்லை. காய்க்காத மரமும் இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறது. இது காய்த்த மரமாக இருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.’ பக்கத்தில் நான் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: ‘போய்ப் பார்ப்பது அளவையியல் அல்ல.’ பூச்சியம்.

“இந்த வருஷம் எங்க தோப்புல எல்லா மரமும் காய்க்கல மேடம்” என்றார் முத்துலட்சுமி. “நான் அப்படித்தான் வீட்டுல வந்து சொன்னேன். எங்க வீட்டுக்காரர் என்ன செஞ்சாருன்னு நெனைக்கிறீங்க?”

“என்ன செய்தவர்?”

“கூடைய எடுத்துக்கிட்டுத் தோப்புக்குப் போனாரு. ஒரு மரமும் காய்க்கலன்னா எதுக்குக் கூடை?”

நான் யோசித்தேன். “அது உங்கட வீட்டுப் பேச்சு. தேர்வில பாடநூல் சொல்லுற பொருள்தான் கணக்கு.”

“ஒண்ணும் காய்க்கலன்னா, ஒண்ணுமே காய்க்கலன்னு சொல்லுவோம்ல மேடம். அதுக்குத்தான் ‘ஒண்ணுமே’ன்னு ஒரு வார்த்த இருக்கு. பாடநூல்ல யாரு இப்படி எழுதுனது?”

அருளப்பன் இருமினார்.

“நான்தான்” என்றேன்.

முத்துலட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது. “மன்னிச்சுக்கிருங்க மேடம். அந்த வகுப்பு நடந்தப்ப முந்திரி எடுப்பு. நான் வரல. வந்திருந்தா நானும் மத்தவுக மாதிரி எழுதியிருப்பேன்” என்றார். விடைத்தாளை ஒழுங்காக மடித்து என் மேசையில் வைத்தார். “வாரேன் மேடம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வண்டி இரண்டு உதைக்குப் பிறகு கிளம்பியது.

வந்திருந்தால் தப்பாக எழுதியிருப்பேன் என்று ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். நான் ஜன்னலோரம் நின்று சாலையைப் பார்த்தேன். ஆலை நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்று புறப்பட்டது. நேற்று நான் இறங்காமல் விட்ட நிறுத்தம். எல்லா நிறுத்தத்திலும் நிற்காது என்று நடத்துநர் சொன்னதை, ஒன்றிலும் நிற்காது என்று நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் இருந்த மற்ற எல்லாரும் சரியாக விளங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரும் என் குறிப்புகளைப் படித்தவர்கள் அல்ல.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வவுனியாவில், பல வருடங்களுக்கு முன், ஒரு மாணவி இதே கேள்விக்கு இதே விடையை எழுதியிருந்தாள். விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். “குறிப்பைப் பார் பிள்ளை” என்று சொல்லி அனுப்பினேன். பார்த்திருப்பாள். அவளுடைய பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த வாசலும் அவள் காலில் இருந்த வெள்ளைச் சப்பாத்தும்தான் வந்தன.

வியாழக்கிழமை பேச்சுக்கலைத் தேர்வு. ஆளுக்கு ஐந்து நிமிடம். தலைப்பைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்க வேண்டும். டயர் கடைத் தம்பிக்கு ‘பொறுமை’ வந்தது. மூன்று நிமிடத்தில் பொறுமை இழந்து உட்கார்ந்துவிட்டார். சுப்பையாவுக்கு ‘கடிதம்’. அவர் எழுந்து நின்றபோதே மற்றவர்கள் கைதட்டினார்கள். முப்பது வருடம் கடிதம் கொடுத்தவர், கடிதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், ஒவ்வொரு தெருவிலும் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று சொன்னார். நல்ல புள்ளி கொடுத்தேன்.

முத்துலட்சுமிக்கு ‘விட்டுக்கொடுத்தல்’ வந்தது. சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“விட்டுக்கொடுக்குறது நல்லதுன்னு பேசலாம். பேசினா மார்க்கு கிடைக்கும். ஆனா எனக்கு எது நல்லதுன்னு தெரியல” என்று தொடங்கினார். “வரப்பு தகராறுல விட்டுக்குடுத்திருக்கேன். அது என்னோட நெலம், அதனால குடுக்கலாம். ஆனா ஒரு விஷயம் சரின்னு தெரிஞ்சா, அது என்னுது இல்ல. என்னுது இல்லாதத நான் எப்படிங்க விட்டுக்குடுக்குறது?”

ஐந்து நிமிடம் முடிந்ததற்கு நான் மணி அடிக்க வேண்டும். மறந்துவிட்டேன். அருளப்பன் எட்டி அடித்தார்.

மத்தியானம் நான் அந்த வாக்கியத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் மாஸ்டரிடம் கேட்டேன்: “எல்லா மரமும் காய்க்கவில்லை எண்டு ஒருத்தர் சொன்னால், உங்களுக்கு என்ன விளங்குது?”

“எந்த மரம்ங்க?”

“ஏதோ மரம்.”

“சிலது காய்ச்சிருக்கும், சிலது காய்ச்சிருக்காது.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், “அதெல்லாம் இல்ல. ஒண்ணும் காய்க்கலன்னுதான் அர்த்தம். போன வருஷம் எங்க மாமரம் எல்லாம் காய்க்கல. ஒரு பிஞ்சு கூட இல்ல” என்றார்.

“எல்லாம் காய்க்கலைக்கும் எல்லா மரமும் காய்க்கலைக்கும் வித்தியாசம் இருக்குய்யா” என்றார் மாஸ்டர்.

“என்னய்யா வித்தியாசம்?”

நான் இரண்டு பிளேன் டீ குடித்து முடிக்கும்வரை அது முடியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் மாஸ்டர் பக்கம் சேர்ந்தார்கள். பால் கொண்டுவந்தவர் பெஞ்சுக்காரர் பக்கம். நான் எழுந்து வந்தபோது யாரும் கவனிக்கவில்லை.

ஒரு வாக்கியம், இரண்டு பொருள். தருக்கத்தில் முதல் வாரம் நான் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான்: இரண்டு பொருள் தரும் சொல்லை வைத்து முடிவு கட்டாதே. ‘எந்த மரமும் காய்க்கவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை.

அருளப்பனிடம் சொன்னேன். அவருக்குப் பெரிய நிம்மதி. “அப்ப அஞ்சு மார்க்கப் போட்டு விட்டுருங்க மேடம். நாப்பத்திரெண்டு. முடிஞ்சது.”

“போடலாம். கேள்வி பிழை எண்டு அறிக்கையிலயும் எழுத வேணும்.”

அவருடைய முகம் மாறியது. “அறிக்கையில எதுக்கு மேடம்? கேள்வியே தப்புன்னு எழுதினா குழு என்ன சொல்லுவாங்க? இந்த வகுப்ப வேணாம்னு சொல்ல ரெண்டு பேரு அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. சும்மா மார்க்க மட்டும் போடுங்க. யாருக்கும் நட்டமில்ல.”

அவர் சொன்னதில் தருக்கப் பிழை எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். பத்து வருடம் இந்த வகுப்பைப் பற்றி யோசித்து, ஓய்வு பெற்ற மறு மாதமே ஆலை மாடியைக் கூட்டிப் பெருக்கியவர். எனக்குப் போக ஓர் ஊர் இருக்கிறது. அவர் இங்கேதான் இருக்க வேண்டும்.

முத்துலட்சுமி வண்டியில் ஏறப் போகிற நேரம். நான் கீழே போய் இரண்டு வழியையும் அவரிடமே சொன்னேன். மாணவரிடம் இப்படிக் கேட்கக் கூடாது. கேட்டேன்.

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சும்மா போடுற மார்க்கு வேணாங்க மேடம்” என்றார் கடைசியில். “நாளைக்கு அங்க பதினாலு பேரு முன்னாடி நின்னு இதத்தானே சொல்லிக்குடுக்கணும்? நீங்க எழுதிருங்க. சாருக்குத்தான் கஷ்டம். சார்கிட்ட நான் பேசுறேன்.”

மேலே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் கீழே வண்டிக்குக் காவல் நின்றேன். திரும்பி வந்தபோது அருளப்பனும் கூட வந்தார். “எழுதுங்க மேடம்” என்றார். தன் சிவப்புப் பேனாவில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையில் குழுக் கூட்டம். நீண்ட மேசை, ஐந்து பேர், ஒரு தட்டில் முறுக்கு. தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். என் அறிக்கையை வாசித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அப்ப எல்லாக் கேள்வியும் சரியில்லைங்கிறீங்களா?”

நான் “ஓம்” என்றேன், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். அதே நேரத்தில் அருளப்பன் “இல்லைங்க” என்றார்.

தலைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அருளப்பன் எழுந்து, ஒரே ஒரு கேள்விதான் சரியில்லை என்று சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன், எல்லாக் கேள்வியும் சரி என்று சொல்ல முடியாது என்ற பொருளில் என்று விளக்கினேன். குழுவில் ஒருவர் முறுக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு, “அய்யா, நீங்க இப்பக் கேட்டதுதான் அந்தக் கேள்வியில இருக்கிற கோளாறே” என்றார். வகுப்பை வேண்டாம் என்று சொல்லக் காத்திருந்த இருவரில் அவர் ஒருவர் என்று பிறகு அறிந்தேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த மேசையில் யாரும் வகுப்பைப் பற்றிப் பேசவில்லை. ‘எல்லா’வைப் பற்றித்தான் பேசினார்கள்.

முடிவு இது. வகுப்பு தொடரும். ஆனால் தருக்கத் தேர்வு செல்லாது. ஒரு மாதத்தில் பன்னிரண்டு பேரும் மறுபடி எழுத வேண்டும். கேள்வித்தாளை வேறு ஒருவர் தயாரிப்பார். எனக்கு நன்றி தெரிவித்தார்கள்.

ஐந்து புள்ளி கொடுத்திருந்தால் முத்துலட்சுமி அன்றே தேறியிருப்பார். இப்போது தேறியிருந்த பதினொரு பேரும் தேறாதவர்கள் ஆகிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஆலை மாடியில் அருளப்பன் அதை அறிவித்தார். பிறகு சுப்பையா எழுந்தார். அதே வெள்ளைச் சட்டை.

“நான் பாஸ் பண்ணிட்டேன்” என்றார். “பேரனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். ஒருத்தங்களுக்காக எல்லாரும் எதுக்குங்க மறுபடி எழுதணும்?”

பிழை என்னுடையது, முத்துலட்சுமியுடையது அல்ல என்று நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் முத்துலட்சுமியைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அங்கன்வாடி ஆசிரியை மட்டும் போகும்போது முத்துலட்சுமியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை முத்துலட்சுமி என்னைத் தன் வண்டியில் கந்தர்வக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரு கண்மாய்க் கரையில் வண்டி நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டினார். அந்தப் பத்து நிமிடமும் நான் வெயிலில் நின்று அறிவுரை சொன்னேன். வண்டிக்கு அது உதவவில்லை. எங்கள் பக்கத்தில் குளம் என்பதை இங்கே கண்மாய் என்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் இருந்ததால் இரண்டு பெயருக்கும் பொருந்தவில்லை.

தோப்பு பெரியது. செம்மண்ணில் மரங்கள் தாழ்ந்து படர்ந்து நின்றன. எடுப்பு முடிந்துவிட்டது. எது காய்த்தது, எது காய்க்கவில்லை என்று அவர் கை நீட்டிக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. தோப்பு ஓரத்தில் கொட்டை காய வைக்கிற ஓட்டுக் கொட்டகை. அங்கேதான் வகுப்பு நடத்தப் போவதாக இருந்தார். பதினான்கு பாய் சுருட்டி வைத்திருந்தது. கரும்பலகைக்கு மட்டும் துணி போட்டு மூடியிருந்தார்.

கோழிக் குழம்பும் சோறும் போட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் முந்தின நாளைப் பற்றிப் பேசவில்லை. பிறகு, கை கழுவ எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: “நேத்துல இருந்து குரூப்புல ஒருத்தரும் எனக்குப் பதில் போடல மேடம்.”

“மன்னிக்க வேணும்” என்றேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு மாணவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நீங்க எதுக்குங்க? நாந்தானே எழுதச் சொன்னேன்” என்றார். “மூணு சனிக்கெழம இருக்கு. அவுகளுக்கு நானே போயி அந்தப் பாடத்த நடத்தப் போறேன். வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்.”

ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து அருளப்பனிடமிருந்து செய்தி வந்தது. முதல் சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு எட்டுப் பேர். மூன்றாவதற்குச் சுப்பையாவும் வந்து, பின் வரிசையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் குறிப்பு எடுத்துக்கொண்டு போனார். மறு தேர்வில் முத்துலட்சுமிக்கு எழுபத்தொன்று. சுப்பையாவுக்கு ஐம்பது. தையற்கடைப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு. முந்தின தடவை அவர் தேறியிருந்தார். அந்த ஒருவரை நினைத்தால் எனக்கு இன்னும் சரியாக இல்லை. அடுத்த வருடம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாராம். நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

என் குறிப்புகளில் அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டேன். கடல் தாண்டிப் போன பிரதிகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன வாரம் மத்தியானம், வகுப்புக்குள் போகிற நேரத்தில், முத்துலட்சுமியிடமிருந்து ஒரு குரல் செய்தி. கொட்டகை வகுப்பில் முதல் தேர்வு வைத்திருக்கிறார்.

“மேடம், பதினாலு பேருல ஒருத்தங்கதான் பெயிலு. எங்க நாத்தனாரு. முப்பத்திரெண்டு மார்க்கு. ஒரே வீட்டுல இருக்கோம், ஒரே அடுப்பு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க எத்தனையோ பேரப் பெயிலாக்கியிருப்பீங்கள்ல, எப்படிச் சொல்லுவீங்க?”

நான் யாருக்கும் நேரில் சொன்னதே இல்லை. எங்கள் பாடசாலையில் பெறுபேற்றை அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டுகிறவரும் நான் அல்ல. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினேன்: ‘இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். விடைகளைப் பார்க்காமல், அந்தக் கேள்வித்தாளை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.’

வகுப்பு முடிந்து வந்தபோது பதில் வந்திருந்தது. பின்னால் கோழிகள் சத்தம் போட்டன, யாரோ பாத்திரம் கழுவினார்கள். அவர் தாழ்ந்த குரலில் பேசியிருந்தார்.

“எழுதிப் பாத்துட்டேன் மேடம். மூணு கேள்வியில நானே தடுமாறிட்டேன். அதுல ரெண்ட எங்க நாத்தனாரு சரியா எழுதியிருக்காங்க.”